ஷேக்ஸ்பியர் காலத்து லண்டன் புத்தகக் கடைக்காரர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷேக்ஸ்பியர், மில்டன் பற்றி எங்கே பேசினாலும், பேச்சு முடிந்ததும் யாராவது ஒருவர் அந்தப் புத்தகங்களை விற்றவர்களைப் பற்றிக் கேட்டுவிடுகிறார். ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்கள், சிறு பதிப்பகம் நடத்துகிறவர்கள், சும்மா ஆர்வத்தில் கேட்பவர்கள் என்று ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதிப் பதிலும் சேர்த்திருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது, பின்னால் வருபவை முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைக்காரரை இலக்கிய ரசிகராகக் கற்பனை செய்யாதீர்கள். காகிதத்தில் பணத்தை முடக்கிவிட்டு, அது எப்போது திரும்பும் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்த வியாபாரி அவர். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி விஷயம் தானாகவே புரியும்.

எந்தக் காலத்தைச் சொல்கிறீர்கள்? தோராயமாக ஒரு கணக்கு வேண்டும்.

1550-லிருந்து 1710 வரை என்று வைத்துக்கொள்ளலாம். 1557-ல் லண்டன் புத்தகத் தொழிலின் சங்கமான ஸ்டேஷனர்ஸ் கம்பெனிக்கு அரச சாசனம் கிடைத்தது. அச்சடிப்பவர், விற்பவர், பைண்டிங் செய்பவர் எல்லாரும் அதில் உறுப்பினர்கள். 1710-ல் பதிப்புரிமைக்கு முதல் சட்டம் வந்தது. ஊர் என்றால் அநேகமாக லண்டன் மட்டும்தான். 1586-ல் வந்த ஆணைப்படி லண்டனைத் தவிர ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் மட்டுமே அச்சகம் வைக்கலாம். அதனால் நாட்டின் புத்தக வியாபாரத்தில் பெரும்பகுதி ஒரே ஊரின் சில தெருக்களில் நடந்தது.

கடை எப்படி இருக்கும்? நம்ம ஊர்ப் புத்தகக் கடை மாதிரியா?

முக்கியமான இடம் செயின்ட் பால் பேராலயத்தின் வளாகம். கோயிலைச் சுற்றிக் கடைத்தெரு இருப்பது நமக்குப் பழக்கம்தான், ஆனால் அங்கே விற்றது பூவும் தேங்காயும் அல்ல, புத்தகம். பேராலயச் சுவரின் முட்டுத்தூண்களுக்கு நடுவே ஒண்டிக்கொண்டிருந்த சின்னக் கடைகளும் உண்டு, மூன்று நான்கு மாடி வீடுகளும் உண்டு. வீடாக இருந்தால் கீழே கடை, மேலே குடும்பம், அதற்கும் மேலே தொழில் பழகும் பையன்கள். தெருப்பக்கம் ஒரு பலகையைக் கீழே மடக்கி இறக்கினால் அதுதான் விற்பனை மேசை.

கதவு எண் கிடையாது. படம் போட்ட பலகைதான் முகவரி. ஷேக்ஸ்பியரின் பெயரோடு முதலில் அச்சில் வந்த 'வீனஸும் அடோனிஸும்' 1593-ல் வெளியானபோது, வெள்ளை வேட்டைநாய் பலகை தொங்கும் கடையில் கிடைக்கும் என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்திருந்தார்கள்.

விற்கிறவர், அச்சடிக்கிறவர், பதிப்பாளர் எல்லாம் ஒரே ஆளா? எனக்கு இதில்தான் குழப்பம்.

குழப்பம் நியாயமானது. இன்றைய பதிப்பாளர் செய்வதை அன்று பெரும்பாலும் புத்தக விற்பனையாளர்களில் ஒருவர் செய்தார். கையெழுத்துப் பிரதியை விலைக்கு வாங்குவார், காகிதம் வாங்குவார், அச்சகத்துக்குக் கூலி கொடுப்பார், வந்த சரக்கை மற்றக் கடைக்காரர்களுக்கு மொத்தமாகவும் வாசகருக்குச் சில்லறையாகவும் விற்பார். அச்சகத்தார் பெரும்பாலும் கூலிக்கு வேலை செய்தவர். சொந்தமாக முதல் போட்ட அச்சகத்தாரும் இருந்தார்கள், ஆனால் 17-ஆம் நூற்றாண்டு போகப் போகப் பணமும் செல்வாக்கும் விற்பனையாளர் பக்கமே சேர்ந்தன.

புத்தகத்தின் முதல் பக்கத்து அடிவரிகளைப் பார்த்தால் யார் என்ன என்பது தெரியும். 1609-ல் வந்த ஷேக்ஸ்பியரின் சானெட்டுகளை (பதினான்கு வரிக் கவிதைகள்) எடுத்துக்கொள்ளுங்கள். அச்சடித்தவர் ஜார்ஜ் எல்ட். யாருக்காக என்றால், 'டி. டி.' என்ற தாமஸ் தோர்ப்புக்காக. எங்கே கிடைக்கும் என்றால், சில பிரதிகளில் வில்லியம் ஆஸ்ப்லி கடை என்றும் சிலவற்றில் ஜான் ரைட் கடை என்றும் இருக்கும். முதல் போட்டவர் தோர்ப், மற்ற இருவரும் விநியோகம். இந்த ஆஸ்ப்லியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருவார்.

அட்டையே இல்லாமல் புத்தகம் விற்றார்கள் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். அச்சகத்திலிருந்து வருவது பெரிய பெரிய தாள்கள். கடையில் அவற்றை மடித்து அடுக்கி வைத்திருப்பார்கள். நாடகம், பிரசங்கம் போன்ற சின்னப் புத்தகங்களை ஓரத்தில் இரண்டு மூன்று தையல் போட்டு அப்படியே கொடுப்பார்கள். பெரிய புத்தகம் என்றால் வாங்கியவர் தன் வசதிக்கேற்ப ஆட்டுத்தோலிலோ கன்றுத்தோலிலோ பைண்டிங் செய்துகொள்வார், அல்லது கடைக்காரரே செய்து தருவார். நன்றாக விற்கும் பைபிள், ஜெபப் புத்தகம் போன்றவற்றைத் தயாராகக் கட்டியும் வைத்திருப்பார்கள். 1623-ல் வந்த ஷேக்ஸ்பியரின் பெரிய தொகுப்பு தாளாக வாங்கினால் சுமார் 15 ஷில்லிங், கன்றுத்தோல் பைண்டிங்கோடு சுமார் 1 பவுண்டு. அதாவது பைண்டிங்குக்கு மட்டும் 5 ஷில்லிங். (12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.)

ஒரு புத்தகம் என்ன விலை? சாதாரண ஆள் வாங்க முடிந்ததா?

தனி நாடகப் புத்தகம் ஒன்று 6 பென்னி. இது யாரோ மனம்போனபடி வைத்த விலை இல்லை. 1598-ல் சங்கம் ஒரு வரம்பு கட்டியது: வழக்கமான எழுத்தளவில் அச்சடித்த இரண்டு தாளுக்கு ஒரு பென்னிக்கு மேல் போகக்கூடாது, எழுத்து பொடியாக இருந்தால் ஒன்றரைத் தாளுக்கு ஒரு பென்னி. நாடகம் என்றால் பத்துப் பன்னிரண்டு தாள் வரும். 12 தாளுக்கு 6 பென்னி, கணக்கு சரியாக வருகிறது.

அன்று லண்டனில் கட்டட வேலைக்குப் போகும் கூலியாளுக்கு ஒரு நாள் சம்பளம் 10 பென்னி அளவில் இருந்தது. ஒரு நாடகத்துக்காக அரை நாள் கூலிக்கு மேல் கொடுக்க அவர் யோசிப்பார். ஒரு பென்னிக்கும் அதற்குக் குறைவாகவும் விற்ற ஒற்றைத்தாள் கதைப்பாட்டை வாங்க யோசிக்கமாட்டார். ஷேக்ஸ்பியர் தொகுப்பு அவர் கனவிலும் வராது, பைண்டிங் இல்லாமலே கிட்டத்தட்ட 18 நாள் கூலி.

காலையிலிருந்து ராத்திரி வரை அவருக்கு என்னதான் வேலை?

கடை திறந்து பலகையை இறக்குவதும், வாசலில் நின்று போகிற வருகிறவர்களைக் கூவி அழைப்பதும் பையன்கள் வேலை. புதுப் புத்தகம் வந்திருந்தால் முதல் பக்கத்தைத் தனியாக அடித்து ஊரில் உள்ள கம்பங்களிலும் சுவர்களிலும் ஒட்டுவார்கள். அந்த நாள் முதல் பக்கங்களில் தலைப்பு ஒரு முழுப் பத்தியாக நீண்டு, உள்ளே என்ன இருக்கிறது, யார் எழுதியது, எங்கே கிடைக்கும் எல்லாம் சொல்வது இதனால்தான். அது போஸ்டராகவும் வேலை செய்தது. தன் புத்தகத்துக்கு இப்படிச் செய்யவேண்டாம் என்று நாடகாசிரியர் பென் ஜான்சன் தன் கடைக்காரருக்கு ஒரு கவிதையே எழுதியிருக்கிறார். மற்றவர்களுக்கு அந்தக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

முதலாளியின் நேரம் பெரும்பாலும் வேறு இடத்தில் போனது. அச்சகத்துக்குப் போய் வேலையைத் துரிதப்படுத்துவது, தாள் சரியாக வந்திருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது, சங்கத்து மண்டபத்தில் பதிவு, வெளியூர்க் கடைக்காரர்களுக்குக் கடிதம், சரக்கைப் பீப்பாயில் கட்டி வண்டிக்காரரிடம் ஒப்படைப்பது என்று. பீப்பாய் என்றதும் சிரிக்கிறார்கள். மழையிலும் சேற்றிலும் போகிற தாளுக்கு அதைவிடப் பாதுகாப்பான கூடு கிடையாது.

மீதி நேரம் கடன் வசூல். தெரிந்த வாடிக்கையாளர் யாரும் அங்கேயே காசை எண்ணி வைப்பதில்லை, பற்று எழுதிக்கொண்டு எப்போதாவது தீர்ப்பார்கள். மற்றக் கடைக்காரர்களோடும் அப்படித்தான். வியாபாரத்தில் நல்ல மாதமும் மோசமான மாதமும் உண்டு. நீதிமன்றங்கள் கூடும் நான்கு பருவங்களில் வெளியூர் வக்கீல்களும் வழக்குக்காரர்களும் லண்டனில் நிறைவார்கள், புத்தகமும் அப்போதுதான் வெளிவரும். 1668-லிருந்து புதுப் புத்தகப் பட்டியலையே இந்தப் பருவங்களை ஒட்டி வெளியிட்டார்கள்.

நினைத்தவர் கடை போட முடியுமா? லைசென்ஸ் மாதிரி ஏதாவது வேண்டுமா?

வழக்கமான வழி, ஒரு முதலாளியிடம் குறைந்தது ஏழு வருடம் தொழில் பழகுவது. 24 வயதுக்கு முன் விடுதலை கிடையாது. அதன் பிறகு சங்க உறுப்பினர். ஜேக்கப் டான்சன் 1670-ல் தாமஸ் பாஸெட் என்ற கடைக்காரரிடம் பையனாகச் சேர்ந்தார், 1670-களின் கடைசியில் சொந்தக் கடை போட்டார், பிற்பாடு கவிஞர்கள் டிரைடன், மில்டன் இருவருக்கும் பதிப்பாளரானார். உறுப்பினரின் மகனாகப் பிறந்தாலும் சங்கத்தில் சேரலாம், கட்டணம் கட்டியும் சேரலாம்.

இதில் ஒரு சந்து உண்டு. லண்டன் நகர வழக்கப்படி எந்தச் சங்கத்து உறுப்பினரும் எந்த வியாபாரமும் செய்யலாம். அதனால் துணி வியாபாரிகள் சங்கத்தில் இருந்துகொண்டே புத்தகம் விற்றவர்கள் இருந்தார்கள். ஷேக்ஸ்பியர் நாடகங்களை வெளியிட்ட தாமஸ் பேவியர் அங்கிருந்து வந்தவர்தான், 1600-ல் ஸ்டேஷனர்ஸ் கம்பெனிக்கு மாறினார். விற்பதற்குத் தடையில்லை. ஆனால் ஸ்டேஷனர்ஸ் பதிவேட்டில் ஒரு புத்தகத்தின் உரிமையைத் தன் பெயரில் வைத்துக்கொள்வது அதன் உறுப்பினருக்கு மட்டுமே என்பதால்தான் மாற வேண்டியிருந்தது.

எது நன்றாக ஓடியது? ஷேக்ஸ்பியர்தானே?

இல்லை. பஞ்சாங்கம், பைபிளின் சங்கீதப் பாட்டுப் புத்தகம், அரிச்சுவடி, ஞானோபதேசம், பிரசங்கம். 1660-களில் பஞ்சாங்கம் மட்டும் வருடத்துக்குச் சுமார் 4 லட்சம் பிரதி விற்றது. வருடம் முடிந்தால் பழையது செல்லாது, புதிதாக வாங்கித்தான் ஆகவேண்டும். வியாபாரிக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் இந்தத் தங்கச் சுரங்கம் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. 1603-ல் முதலாம் ஜேம்ஸ் பஞ்சாங்கம், சங்கீதம், அரிச்சுவடி வகைகளை அச்சடிக்கும் தனியுரிமையைச் சங்கத்துக்கே கொடுத்தார். சங்கம் அதைக் கூட்டு முதலாக நடத்தியது. மூத்த உறுப்பினர்களுக்குப் பெரிய பங்கு, இளையவர்களுக்குச் சின்னப் பங்கு, வருடாவருடம் லாபத்தில் பிரிவினை. கடை தள்ளாடினாலும் இந்தப் பங்கு குடும்பத்தைக் காப்பாற்றியது. பைபிள் அரசரின் அச்சகத்தாரிடம் இருந்தது. கதைப்பாட்டு வியாபாரிகள் 1624-ல் தங்களுக்குள் தனிக் கூட்டு சேர்ந்தார்கள். இலக்கியம் என்று நாம் இன்று கொண்டாடுவது, இப்படி ஓடுகிற சரக்கையெல்லாம் பிறர் கட்டிக்கொண்டபின் மிஞ்சிய இடத்தில் நடந்த சூதாட்டம்.

சரி, அப்படி ஒரு புத்தகம் போட்டால் எவ்வளவு லாபம் வரும்?

செலவைப் பார்த்தால் லாபம் புரியும். பெரிய செலவு காகிதம், பல சமயம் மொத்தச் செலவில் பாதிக்குப் பக்கமாகப் போகும். ஜான் ஸ்பில்மன் 1588 வாக்கில் இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் வெள்ளைக் காகித ஆலை நடத்தினாலும், நல்ல காகிதம் பெரும்பாலும் பிரான்ஸிலிருந்துதான் வந்தது. நாம் பார்த்த 12 தாள் நாடகத்தை 800 பிரதி அடித்தால் 9,600 தாள், 480 தாள் கொண்ட ரீம் கணக்கில் 20 ரீம். ஒரு பிரதி விற்பதற்கு முன்னாலேயே அதற்குப் பணம் வைக்க வேண்டும். அந்த 6 பென்னியும் முழுதாகக் கைக்கு வராது, மற்றக் கடைக்காரருக்குத் தள்ளுபடி விலையில்தான் போகும்.

நிறைய அடித்தால் செலவு குறையுமே என்று கேட்பார்கள். அதற்கும் தடை இருந்தது. ஒருமுறை கோத்த அச்செழுத்துகளை வைத்து 1,250 அல்லது 1,500 பிரதிக்கு மேல் அடிக்கக்கூடாது என்று 1587-ல் சங்கம் விதித்தது, எழுத்துக் கோப்பவர்களுக்கு மறுபடி வேலை கிடைக்க வேண்டுமே. அரிச்சுவடி வகைகளுக்கு மட்டும் விலக்கு. மறுபதிப்பு வந்தால்தான் நல்ல லாபம். பெரிய புத்தகத்தை ஒருவரே தூக்கமாட்டார், கூட்டுச் சேர்வார்கள். ஷேக்ஸ்பியர் தொகுப்பின் கடைசிப் பக்கத்தில் யார் செலவில் அச்சானது என்று நான்கு பெயர் இருக்கிறது: ஜாகர்ட், பிளவுண்ட், ஸ்மெதிக், ஆஸ்ப்லி. சானெட்டுகளை விற்ற அதே ஆஸ்ப்லிதான். இரண்டாம் பதிப்பு ஒன்பது வருடம் கழித்து 1632-ல் வந்தது.

காசு வாங்காமல் புத்தகத்துக்குப் புத்தகம் மாற்றிக்கொண்டார்களாமே?

ஆமாம். என்னைக் கேட்டால் இந்தத் தொழிலின் உயிர்நாடியே இதுதான். நீங்கள் ஒரு பிரசங்கத்தை 1,000 பிரதி அடித்துவிட்டீர்கள், உங்கள் கடைக்கு வருகிறவர் அத்தனை பேரும் அதையே கேட்கப் போவதில்லை. பக்கத்துக் கடைக்காரரிடமும் அவர் போட்ட புத்தகம் குவிந்து கிடக்கிறது. இரண்டு பேரும் தாளுக்குத் தாள் மாற்றிக்கொண்டால் ரொக்கம் கைமாறாமலே இரண்டு கடையிலும் பலவகைச் சரக்கு சேரும்.

ஜான் டன்டன் 1680-களின் தொடக்கத்தில் இப்படித்தான் கடையை நிரப்பினார். தான் முதலில் போட்ட ஒரு சமயப் புத்தகத்தைத் தொழில் முழுவதும் மாற்றி, அப்போது ஓடிய எல்லாவகைப் புத்தகமும் வாங்கிக்கொண்டதாக 1705-ல் வெளியிட்ட தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதுகிறார். தொழிலைப் பற்றி உள்ளிருந்து பேசும் அருமையான சாட்சி அது, பாதி புலம்பலும் பாதி பெருமையுமாக இருக்கும். கடன் தொல்லைக்கு நடுவே சரக்கை ஏற்றிக்கொண்டு கப்பலில் அமெரிக்காவின் பாஸ்டன் வரை போனவர்.

எழுத்தாளருக்கு ராயல்டி உண்டா?

கிடையாது. பிரதியை ஒருதரம் விற்றுவிட்டால் அவ்வளவுதான். பல எழுத்தாளர்களுக்குக் காசுக்குப் பதில் சில பிரதிகளே கிடைத்தன, அவற்றைப் பிரபுக்களுக்குக் காணிக்கை வைத்துப் பரிசு தேடிக்கொள்ள வேண்டியது.

எழுத்தில் கிடைத்திருக்கும் ஒப்பந்தங்களில் பிரபலமானது மில்டனுடையது. 1667 ஏப்ரல் 27 அன்று 'இழந்த சொர்க்கம்' காவியத்தை சாமுவேல் சிம்மன்ஸுக்குக் கொடுத்தார். கையெழுத்தானதும் 5 பவுண்டு. முதல் பதிப்பில் 1,300 பிரதி விற்றதும் இன்னொரு 5 பவுண்டு. அடுத்த இரண்டு பதிப்புகளுக்கும் தலா 5. மில்டன் கையில் வாங்கியது 10 பவுண்டு, 1680-ல் அவர் மனைவி மிச்ச உரிமைகளை 8 பவுண்டுக்கு விட்டுக்கொடுத்தார். அநியாயம் என்று கொதிக்கிறார்கள். பதிப்புக்குப் பதிப்பு பணம் என்று எழுதி வாங்கியதே அன்றைக்கு நல்ல ஒப்பந்தம். சிம்மன்ஸும் பணக்காரராகிவிடவில்லை. லாபம் பார்த்தவர் பிற்பாடு உரிமையை வாங்கிய டான்சன்.

சங்கத்து ரிஜிஸ்டரில் பதிந்துவிட்டால் அரசு அனுமதி கிடைத்ததாக அர்த்தமா?

இரண்டும் வேறு. அனுமதி என்பது தணிக்கை: பேராயர், லண்டன் ஆயர் சார்பில் ஒருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தருவது. பதிவு என்பது சங்கத்துக்குள் சொத்துரிமை: 6 பென்னி கட்டி இந்தப் பிரதி என்னுடையது என்று எழுதி வைத்தால் வேறு உறுப்பினர் யாரும் அதை அச்சடிக்கக் கூடாது. அந்த உரிமைக்குக் காலவரையறை இல்லை. விற்கலாம், அடகு வைக்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். அதில் எழுத்தாளருக்குப் பங்கு இல்லை என்பதை முந்தின பதிலிலேயே பார்த்தோம்.

கணவர் இறந்துவிட்டால் மனைவி கடையை நடத்தலாமா?

தாராளமாக. விதவைக்குத் தொழில் உரிமையும் உண்டு, கூட்டு முதலில் கணவரின் பங்கும் உண்டு. ஹன்னா ஆலன் 1646-ல் கணவர் பெஞ்சமின் இறந்தபின் போப்ஸ் ஹெட் சந்தில் இருந்த கிரீடம் பலகைக் கடையைத் தன் பெயரிலேயே சில வருடம் நடத்தினார். பிறகு கடையில் தொழில் பழகிய லிவ்வெல் சாப்மனை மணந்தார். ஷேக்ஸ்பியரின் ஊர்க்காரரான ரிச்சர்ட் ஃபீல்டும் முதலாளியின் விதவையை மணந்துதான் அச்சகத்துக்கு உரிமையாளரானார். தொழில் பழகிய பையனுக்குக் கடை, விதவைக்குத் துணை என்று இருதரப்புக்கும் ஆதாயம். ஆனால் மறுமணம் ஆனதும் முதல் பக்கத்தில் பெண்ணின் பெயர் மறைந்துவிடும், வேலையை அவரே தொடர்ந்து செய்திருந்தாலும்.

லண்டனைத் தாண்டினால் புத்தகம் எப்படிக் கிடைக்கும்?

பெரிய ஊர்களில் நல்ல கடைகளே இருந்தன. 1585-ல் ஷ்ரூஸ்பரியில் ரோஜர் வார்ட் என்பவரின் கடைச் சரக்கைப் பட்டியல் எடுத்தபோது சுமார் 2,500 பிரதிகள் இருந்தன. நியூகாசில் ஊரின் வில்லியம் லண்டன் 1657-ல் இங்கிலாந்தில் நன்றாக விற்கும் புத்தகங்களுக்கு ஒரு பட்டியலே வெளியிட்டார். கிராமங்களுக்கு மூட்டை தூக்கும் வியாபாரிகள் போனார்கள், ஊசி, நூல், ரிப்பனோடு கதைப்பாட்டும் பஞ்சாங்கமும் அந்த மூட்டையில் இருக்கும்.

திருட்டுப் பதிப்பு அப்போதும் உண்டா?

இல்லாமலா? மேலே சொன்ன ரோஜர் வார்ட் அதில் கெட்டிக்காரர். அரிச்சுவடிக்குத் தனியுரிமை ஜான் டே என்ற பெரிய அச்சகத்தாரிடம் இருந்தபோது, வார்ட் அதை 10,000 பிரதி திருட்டுத்தனமாக அடித்தார், 1582-ல் வழக்கு ஸ்டார் சேம்பர் நீதிமன்றம் வரை போனது. அரிச்சுவடி ஏன் என்பதற்கு 'எது நன்றாக ஓடியது' என்ற கேள்வியின் பதிலைப் பாருங்கள். தனியுரிமைகள் ஓரிரண்டு பேர் கையில் குவிந்து, ஏழை உறுப்பினர்கள் வேலையில்லாமல் கிடந்த காலம். திருட்டு என்று சட்டம் சொன்னதை அவர்கள் வயிற்றுப்பாடு என்றார்கள். எனக்கு வார்ட் மீது முழுக் கோபம் வருவதில்லை.

அரசுக்குப் பிடிக்காத புத்தகத்தை விற்றால் கடைக்காரருக்கு என்ன ஆகும்? எழுதியவர்தானே குற்றவாளி?

அப்படி ஒரு வேறுபாட்டை அரசு பார்க்கவில்லை. 1579-ல் எலிசபெத் ராணியின் திருமணப் பேச்சை எதிர்த்து எழுதிய ஜான் ஸ்டப்ஸுக்கு வலது கை வெட்டப்பட்டது. பிரதிகளைப் பரப்பிய வில்லியம் பேஜுக்கும் அதே தண்டனை. அச்சடித்த ஹ்யூ சிங்கிள்டன் மன்னிக்கப்பட்டார். நாடகங்களைத் தாக்கி வில்லியம் பிரின் எழுதியது முதலாம் சார்லஸ் அரசரின் ராணியை அவமதிப்பதாகக் கருதப்பட்டபோது, 1634-ல் அவர் காதுகளை அறுத்தார்கள். வெளியிட்ட புத்தக விற்பனையாளர் மைக்கேல் ஸ்பார்க்குக்கு 500 பவுண்டு அபராதமும், கழுத்தையும் கைகளையும் பலகையில் மாட்டிப் பொது இடத்தில் நிறுத்தும் தண்டனையும். 500 பவுண்டு என்றால் 20,000 நாடகப் புத்தகங்களின் விலை. ஆனாலும் அவர் அடங்கவில்லை, 1641-ல் பைபிள் தனியுரிமைக்காரர்கள் விலையை எப்படி ஏற்றுகிறார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டி ஒரு துண்டு நூல் வெளியிட்டார்.

1664-ல் ஜான் ட்வின் என்ற அச்சகத்தார் அரச துரோகம் என்று தூக்கிலிடப்பட்டு, உடல் துண்டாக்கப்பட்டார். அதனால்தான் ஆபத்தான புத்தகங்களில் அடிவரியே இருக்காது, அல்லது வெளிநாட்டு ஊர்ப் பெயரைப் பொய்யாகப் போட்டிருப்பார்கள்.

விற்காமல் தேங்கியதை என்ன செய்தார்கள்?

முதல் தந்திரம், புது முதல் பக்கம். தாள்கள் பழையவை, மேலே ஒரு பக்கத்தை மட்டும் மாற்றி அடித்து, புது வருடத்தைப் போட்டு மறுபடி சந்தைக்கு விடுவது. 'இழந்த சொர்க்கம்' முதல் பதிப்பே 1667-லிருந்து 1669 வரை பல வேறு முதல் பக்கங்களோடு வெளிவந்தது. இதற்கும் மசியாத சரக்கு எடைக்குப் போனது. மளிகைக்காரர் மிளகு கட்டுவார், பலகாரக்காரர் தட்டுக்கு அடியில் வைப்பார், பைண்டிங் செய்பவர் வேறொரு புத்தகத்தின் அட்டைக்குள் ஒட்டுவார். பழைய அட்டைகளைப் பிரிக்கும்போது உள்ளேயிருந்து தொலைந்துபோன புத்தகங்களின் பக்கங்கள் இன்றும் கிடைக்கின்றன.

1666-ல் லண்டனை எரித்த தீயில் புத்தகங்கள் எல்லாம் கருகிவிட்டன என்பது மிகையா?

செயின்ட் பால் பகுதியைப் பொறுத்தவரை மிகையில்லை. தீ நெருங்கியதும் கடைக்காரர்கள் சரக்கைத் தூக்கிப்போய்ப் பேராலயத்துக்கு அடியில் இருந்த செயின்ட் ஃபெய்த் தேவாலயத்தில் அடைத்தார்கள். கல் கட்டடம், நிலவறை, நெருப்பு வராது என்ற நம்பிக்கை. பேராலயக் கூரையே எரிந்து விழ, அடியில் இருந்ததும் போயிற்று. புத்தகம் மட்டும் 1,50,000 பவுண்டு நஷ்டம் என்று கேள்விப்பட்டதாக சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதினார். அவருடைய கடைக்காரர் ஜோஷுவா கிர்ட்டன் ஏழெட்டாயிரம் பவுண்டு சொத்துள்ளவராக இருந்து, இரண்டு மூவாயிரம் கடனாளியானார்.

போட்ட முதல் முழுவதும் தாளில் கிடந்தது, காப்பீடு இல்லை. பிழைத்த பிரதிகளுக்கோ கிராக்கி. துருக்கி பற்றிய ஒரு புத்தகம் தீக்கு முன் 8 ஷில்லிங், பிறகு அதே புத்தகத்துக்குக் கடைக்காரர் 50 கேட்டதாகப் பீப்ஸ் அங்கலாய்க்கிறார்.

இதெல்லாம் எப்படித் தெரிகிறது? கணக்குப் புத்தகம் ஏதாவது கிடைத்திருக்கிறதா?

சங்கத்து ரிஜிஸ்டர்கள் பெரும்பாலும் பிழைத்தன. உயில்களும் கடைச் சரக்குப் பட்டியல்களும் இருக்கின்றன. தினசரி விற்பனைக் கணக்கு கிடைப்பதுதான் அபூர்வம். ஜான் டார்ன் என்ற ஆக்ஸ்ஃபோர்டு கடைக்காரரின் 1520-ஆம் வருடக் கணக்கு அப்படிப்பட்டது, நாம் பேசும் காலத்துக்குக் கொஞ்சம் முந்தியது. அறிஞர் எராஸ்மஸின் நூல்களும் அரைப் பென்னிக் கதைப்பாட்டும் ஒரே ஏட்டில் வரிசையாக வரும்.

லண்டன் புத்தகக் கடைக்காரரான ஜார்ஜ் தாமசன் வேறு விதமாக உதவினார். உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1640-லிருந்து 1661 வரை, தன் கண்ணில் பட்ட துண்டு நூல்களையும் செய்தித்தாள்களையும் 22,000-க்கு மேல் சேர்த்தார். பலவற்றின் மேல் கைக்கு வந்த தேதியையும் தன் கையால் எழுதினார். இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

இந்த லண்டன்காரர்களுக்கும் தமிழுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

காலத்தின் கடைசியில் ஒரு இழை உண்டு. 1698-ல் லண்டனில் தொடங்கிய கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்துக்கு அச்சடித்தும் விற்றும் கொடுத்தவர் ஜோசப் டவுனிங். தரங்கம்பாடியிலிருந்து சீகன்பால்க் எழுதிய கடிதங்களின் ஆங்கிலப் பதிப்பை 1709-ல் வெளியிட்டவரும் அவர்தான். அதைப் படித்த ஆர்வத்தோடு நன்கொடை சேர்ந்தது, அந்த அறிவு வளர்ச்சிச் சங்கம் ஓர் அச்சு இயந்திரத்தைத் தரங்கம்பாடிக்கு அனுப்பியது. வழியில் கப்பல் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியது, கூட வந்த அச்சுத் தொழிலாளி இறந்துபோனார், இயந்திரம் மட்டும் 1712-ல் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்தவை.

1710 சட்டம் வந்ததும் கடைக்காரர்களின் நிரந்தர உரிமை போய்விட்டதா?

காகிதத்தில் போயிற்று. புதுப் புத்தகத்துக்கு 14 வருடம், அப்போது எழுத்தாளர் உயிரோடிருந்தால் இன்னொரு 14, ஏற்கெனவே இருந்த புத்தகங்களுக்கு 21 வருடம் என்று சட்டம் சொன்னது. உரிமை முதலில் எழுத்தாளருக்கே என்றும் சொன்னது. ஆனால் லண்டனின் பெரிய கடைக்காரர்கள், சட்டத்துக்கு அப்பாலும் பொது வழக்கப்படி எங்கள் உரிமை அழியாது என்று வாதிட்டார்கள். ஷேக்ஸ்பியர், மில்டன் உரிமைகளைச் சின்னச் சின்னப் பங்குகளாக்கித் தங்களுக்குள் மட்டுமே ஏலம் விட்டுக்கொண்டார்கள். வெளியார் அந்த ஏல அறைக்குள் நுழைய முடியாது.

எடின்பரோக்காரரான அலெக்சாண்டர் டொனால்ட்சன் அதே புத்தகங்களை மலிவாக அடித்து லண்டனிலேயே கடை போட்டு விற்றார். வழக்கு பிரபுக்கள் சபை வரை போய், 1774 பிப்ரவரியில் அவர் பக்கம் தீர்ப்பானது. அதுவரை 64 வருடம், சட்டம் ஒருபக்கம் இருக்க, பழைய பதிவேட்டுக் கணக்கையே நம்பி வியாபாரம் நடந்தது.